மதியம் யாரோட சாப்பிடுற?

தானியக் கோபுரம் தாண்டும் வரை கோலீன் ஹெய்டுக் வாயைத் திறக்க மாட்டாள். இன்ஜினுக்குச் சூடு கொடுக்கும் மின்கம்பியைப் பிடுங்கிச் சுருட்டி வைத்துவிட்டு வண்டியை எடுத்தாளென்றால் அஞ்சலகம், மருந்துக்கடை, ரயில்வே கேட் எல்லாம் மௌனத்திலேயே கழியும். கோபுரம் தாண்டியதும் சாலை நூல் பிடித்ததுபோல் நேராகிவிடும். அங்கிருந்து ஐஸ் அரங்கத்துக்கு ஏழு நிமிடம். கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல், மழை வருமா வெயில் வருமா என்று கேட்கிற குரலில், பக்கத்து இருக்கையில் முழங்காலை மடக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பதினேழு வயதுப் பையனிடம் கேட்பாள்:

"ஆமா, மதியம் யாரோட சாப்பிடுற?"

"டீம் பசங்களோட" என்று பதில் சட்டென்று வந்தால் பையன் தேறிவிட்டான். "எங்கயாவது" என்று வந்தால் இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பாள். "மதியம் எனக்குப் பசிக்கிறதில்ல" என்று வந்தால் அன்று மாலையே பள்ளிக்கூடத்துக்குத் தொலைபேசி போகும். வேறு எதைப் பற்றியும் அவள் முதலில் கேட்பதில்லை. படிப்பு, ஆட்டம், காதல், வீட்டு ஏக்கம் எல்லாம் இந்த ஒரு கேள்விக்குப் பின்னால்தான் வரிசை கட்டி வரும் என்பது அவள் கணக்கு. நேருக்கு நேர் உட்கார்த்திவைத்து ஒரு வார்த்தையும் கேட்கக் கூடாது. அது அவளுடைய இரண்டாவது சட்டம். "எதிர்ல உக்காந்து கேட்டா அது போலீஸ் ஸ்டேஷன். பக்கத்துல உக்காந்து ரோட்டப் பாத்துக்கிட்டே கேட்டாதான் அது பேச்சு" என்பாள்.

கோலீன் ஒரு பில்லெட் அம்மா. பதினாறு பதினேழு வயதில் பெற்றோரை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஊரின் அணிக்காக ஐஸ் ஹாக்கி ஆட வருகிற பையன்களுக்கு வீட்டில் இடம் கொடுத்துச் சோறு போடுகிறவளுக்கு சஸ்காச்சுவன் மாகாணத்துச் சமவெளி முழுக்க அதுதான் பெயர். ஹாலோரன் ஊரில் அப்படிப் பத்துப் பன்னிரண்டு வீடுகள் உண்டு. ஆனால் பையன் தேறுவானா மாட்டானா என்ற சந்தேகம் வந்துவிட்டால் அணிக்காரர்கள் அவனைக் கூட்டிக்கொண்டு நேராக ஹெய்டுக் வீட்டுக்குத்தான் வருவார்கள். பதினான்கு வருடம், பத்தொன்பது பையன்கள். பகலில் மளிகைக் கடையின் இறைச்சிப் பிரிவில் வேலை. பன்றி விலாவை அளவு பார்க்காமல் ஒரே கனத்தில் நறுக்கித் தள்ளுகிற கை. அதே கையால்தான் சனிக்கிழமைகளில் உருளைக்கிழங்கு பொதிந்த பெரொகி என்னும் கொழுக்கட்டை நூற்றைம்பது பிடித்து உறைபெட்டியில் அடுக்குவாள். ஒரு பையன் ஒரே இருப்பில் இருபத்திரண்டு தின்றிருக்கிறான். அவன் பெயரைக் கேட்டால் யோசிப்பாள், எண்ணிக்கையை மறக்க மாட்டாள்.

அவள் வீட்டில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி இருக்கிறது. ஜோடி தொலைந்த ஒற்றைக் காலுறைகள், பதினான்கு வருடத்துச் சேகரம். தூக்கிப் போடச் சொன்னால் மாட்டாள், எவனாவது ஒருவன் கேட்டு வருவானாம். எந்தப் பையனின் அறைக் கதவையும் தட்டுகிற வழக்கம் கிடையாது. துவைத்த துணிக் கூடையை வாசலில் தொப்பென்று போட்டுவிட்டு, ஒரு கனைப்புக் கனைத்துவிட்டுப் போய்விடுவாள். அரங்கத்தில் ஊரே எழுந்து நின்று ஆர்ப்பரிக்கும்போது இவள் மட்டும் ஆட்டத்தைப் பார்க்காமல் ஓரத்து பெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பாள். "கோல் போட்டவனைப் பாக்க ஆயிரம் பேரு இருக்கான். உக்கார வச்சவனை யாரு பாக்குறது?"

பதின்வயதைப் பற்றி அவளிடம் பேச்சுக் கொடுத்தால் மாலைப்பொழுது போவது தெரியாது. படித்துச் சொல்கிறவள் இல்லை, பார்த்துச் சொல்கிறவள். "பதினாறு வயசுங்கிறது ஒரு ஆளு இல்லப்பா. ஒன்பது வயசுக்காரன் ஒருத்தன், முப்பது வயசுக்காரன் ஒருத்தன், ரெண்டு பேரும் ஒரே பாத்ரூம் வாசல்ல வரிசைல நிக்கிறானுங்க. எவன் முதல்ல உள்ள போவான்னு அவனுக்கே தெரியாது. நாம அந்த ரெண்டு பேருக்கும் சேத்துச் சமைக்கணும்." இன்னொன்றும் சொல்வாள்: "கதவைப் படார்னு சாத்துறான் பாரு, அவனுக்கு ஒண்ணும் இல்ல. கதவைத் திறந்து போட்டுட்டுச் சும்மா உக்காந்திருக்கான் பாரு, அவனைத்தான் கவனிக்கணும்." மற்ற பில்லெட் அம்மாக்கள் இதை வேத வாக்காக எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் வீடுகளில் சொல்வார்கள். சொன்னது எல்லாம் சரிதான். அவள் பேச்சில் பழுது இருந்ததாக இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் தொலைபேசி. பையனின் சொந்த அம்மாவுக்கு வாரம் ஒருமுறை பேசி விவரம் சொல்லிவிட வேண்டும். பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: நல்லா சாப்பிடுறான், நல்லா தூங்குறான், ஒரு குறையும் இல்ல. அதற்குப் பிறகு மெல்ல உள்ளே போவாள். முதல் சில வாரங்களில் அந்தப் பக்கத்து அம்மா கேட்கிற கேள்வியும் ஒரே மாதிரிதான். என்னிடம் எதுவும் சொல்வதில்லையே, உன்னிடமாவது பேசுகிறானா? "கார்ல பேசுவான்" என்று கோலீன் சொல்வாள். அதைச் சொல்லும்போது குரலில் ஒரு நிறைவு இருக்கும். அந்தப் பையன் சொன்ன ஏதாவது ஒன்றை, சொல்லக்கூடியதாகப் பார்த்து, எடுத்துச் சொல்வாள். அந்த அம்மாக்களில் பெரும்பாலோர் ஒரு கணம் நிறுத்திவிட்டு, "ம், அது எனக்குத் தெரியும்" என்பார்கள். தெரிந்தவரைக்கும் நல்லது என்று கோலீனும் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவாள்.

இத்தனையும் நடந்த அந்தக் காரின் பின் இருக்கையில் எப்போதும் இன்னொருத்தி இருந்தாள்.

ஷெல்பி, கோலீனின் ஒரே மகள். முதல் பையன் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு மூன்று வயது. சிறு பிள்ளைகள் பின்னால்தான் உட்கார வேண்டும் என்பது சட்டம், அதனால் பின்னால் உட்கார்ந்தாள். சட்டம் விட்ட வயதில் பழக்கம் பிடித்துக்கொண்டது. முன் இருக்கை பையனுக்கு. அவனுக்குக் கால் நீளம். இருக்கையைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளிவிட்டால் அதன் பின்னால் ஆள் உட்கார முடியாது, ஆகவே ஷெல்பி ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால். மிச்சமிருக்கும் இடத்தில் ஆட்டச் சாமான் பை. அது ஒரு கன்றுக்குட்டி அளவு இருக்கும், நாற்றமும் அதற்குக் குறைவில்லை. டிக்கியில் போட்டால் மைனஸ் முப்பதில் கையுறை கட்டையாக விறைத்துப் போகும் என்பதால் பையும் குளிர் படாமல் உள்ளேதான் வர வேண்டும். பதினான்கு வருடம் அந்தப் பையைத் தோளால் முட்டுக் கொடுத்துக்கொண்டு வந்தவள் ஷெல்பி.

பத்து வயதிலேயே அவளுக்கு அம்மாவின் கண் வந்துவிட்டது. அம்மா, ரீஸ் இன்றைக்குப் பேருந்தில் யாரோடும் பேசவில்லை, கொஞ்சம் பார்த்துக்கொள் என்று அப்போது தங்கியிருந்த பையனைப் பற்றிச் சமையலறையில் வந்து சொல்வாள். கோலீனுக்குப் பெருமை பிடிபடாது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்: "என் பொண்ணால எனக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. பாதி வீட்டை அவதான் பாத்துக்கிறா." ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று நம்மவர்கள் சொல்வார்கள். வாழ்த்தாகத்தான் சொல்வார்கள். கோலீனுக்கு அந்தப் பழமொழி தெரியாது. தெரிந்திருந்தால் சமையலறையில் எழுதி மாட்டியிருப்பாள், அவ்வளவு நம்பிக்கை அவளுக்கு.

ரைலனின் குளிர்காலம் வந்தது மூன்று வருடத்துக்கு முன். மேற்கே மலைப்பக்கத்து மரம் அறுக்கும் ஊரிலிருந்து வந்த பையன். நவம்பர் முதல் வாரத்தில் முழங்கால் சவ்வு கிழிந்தது. அந்த வருடம் இனி ஆட்டம் இல்லை, அடுத்த வருடம் அணியில் இடம் இருக்குமா என்பதும் தெரியாது. பதினேழு வயதில் ஆட்டத்தைத் தவிர வேறு எதுவாகவும் தன்னை நினைத்துப் பார்த்திராத பிள்ளை. கீழறையில் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். கோலீன் பயந்துபோனாள். கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு அவனைத் தினம் இரண்டு வேளை காரில் ஏற்றி எங்கேயாவது கொண்டுபோனாள். தபால் எடுக்க, பால் வாங்க, ஒன்றும் இல்லாவிட்டால் தானியக் கோபுரம் வரை போய்த் திரும்ப. ஒரு மாதம் அவன் பேசவில்லை. அவள் கேட்பதையும் நிறுத்தவில்லை.

அந்த நவம்பரில் ஒரு காலை. ஷெல்பி பதினான்கு வயது, ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற நேரத்தில், என்ன தோன்றியதோ, முன் கதவைத் திறந்துகொண்டு நின்றாள். அதற்கு முன் அவள் அப்படிச் செய்ததில்லை. ரைலன் ஊன்றுகோலோடு படியிறங்கி வந்துகொண்டிருந்தான். கோலீன் உள்ளேயிருந்து சாய்ந்து சொன்னாள்:

"கண்ணு, அவனால காலை மடக்க முடியாது பாரு. இன்னிக்கு மட்டும் நீ பின்னால போயிடு."

சொன்னதில் தவறு என்ன? முழங்காலில் இரும்புப் பட்டை போட்டவன் எங்கே உட்காருவான்? ஷெல்பி சரி என்று தலையாட்டிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் பின்னால் போனாள். முகத்தைக் கூடச் சுளிக்கவில்லையே, எவ்வளவு சமர்த்து என்று கோலீன் அன்றைக்கு நினைத்தது நிஜம். அதன்பிறகு ஷெல்பி முன் கதவைத் தொடவே இல்லை. எத்தனை நாளைக்கு இன்றைக்கு மட்டும் என்று அவள் கேட்கவும் இல்லை.

வீட்டில் ஒரே ஒருவருக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. கோலீனின் கணவன் ட்வெய்ன் பொட்டாஷ் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன், வாரத்துக்கு நாலு வாக்கியம் பேசினால் அதிகம். அதில் ஒன்றை அந்த டிசம்பரில் செலவழித்தான்.

"ஷெல்பி ரொம்ப அமைதியா இருக்கா இல்ல?"

"அவ எப்பவுமே அமைதிதான். அவளுக்கு என்ன, அவ பாட்டுக்கு இருக்கா" என்று கோலீன் சொன்னாள். ரைலனுக்குச் சூப்பு எடுத்துக்கொண்டு கீழே போகிற வழியில், படியிலிருந்தபடியே சொன்னாள். ஷெல்பியின் அறை அந்தப் படிக்கு நேர் எதிரே. கதவு திறந்தே இருந்தது.

மார்ச் மாதம் ரைலன் தேறிவிட்டான். சிரித்தான், பெரொகி கேட்டுச் சாப்பிட்டான், மறுவருடம் ஆடுவேன் என்றான். கடைசி ஆட்டத்தன்று அணிக்காரர்கள் பனித்தரையில் சிவப்புக் கம்பளம் விரித்துக் கோலீனைக் கூப்பிட்டு மரியாதை செய்தார்கள். பூங்கொத்து, கைதட்டல், ஒலிபெருக்கியில் பெயர். குடும்பத்தோடு நெருங்கி நில்லுங்கள் என்று யாரோ சொன்னபோது ஷெல்பி தானாகவே கையை நீட்டிக் கேமராவை வாங்கிக்கொண்டாள். அந்தப் படம் இன்றும் கூடத்துச் சுவரில் இருக்கிறது. பூங்கொத்தோடு கோலீன், ஒரு பக்கம் ட்வெய்ன், மறுபக்கம் ஊன்றுகோலில் ரைலன். நல்ல படம். எடுத்தவளுக்குக் கை நடுங்கவில்லை.

சென்ற கோடையில் ஷெல்பி ஒரு விண்ணப்பத்தை நிரப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். பன்னிரண்டாம் வகுப்பை சாஸ்கடூன் நகரத்தில் படிக்கப் போகிறாளாம். ஹாலோரன் பள்ளியில் இயற்பியலுக்கு வாத்தியார் கிடையாது, கணினித் திரையில்தான் பாடம். ட்வெய்னின் சித்தப்பா மகள் மார்லா நகரத்தில் பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள், தனியாக இருக்கிறாள், அவளிடம் கேட்டாயிற்று, அவளும் சரி சொல்லிவிட்டாள். எல்லாம் முடிந்த பிறகுதான் அம்மாவிடம் வந்தது. குறை சொல்ல ஒரு நூல் இழைகூட இல்லாத திட்டம். இரண்டு மணி நேரத் தூரம்தானே என்று கோலீன் கையெழுத்துப் போட்டாள். அதற்கு அடுத்த வருடம் கிழக்குக் கடற்கரையில் கல்லூரி என்ற பேச்சும் காதில் விழுந்தது. ஒரு பெண் கொஞ்சம் கொஞ்சமாக ஊரை விட்டு எட்டிப் போவது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஆகஸ்ட் கடைசியில், கிளம்ப நாலு நாள் இருக்கும்போது, எதையோ வாங்க வேண்டும் என்று சொல்லி மகளைக் காரில் ஏற்றிக்கொண்டாள். புதுப் பையன் கேடன் இன்னும் வந்து சேரவில்லை. முன் இருக்கை காலியாகக் கிடந்தது. ஷெல்பி பின் கதவைத் திறந்து தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். "நான் என்ன டாக்ஸிக்காரியா?" என்று கோலீன் சிரித்தாள். ஷெல்பியும் சிரித்தாள், எழுந்து வரவில்லை. அஞ்சலகம் போயிற்று, மருந்துக்கடை போயிற்று, ரயில்வே கேட் போயிற்று. கோலீன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பின்பக்கம் காட்டும் சின்னக் கண்ணாடியில் மகளை ஒரு பார்வை பார்த்தாள்.

"கோபுரம் தாண்டிட்டோம். கேக்கப் போறியாம்மா?" என்றாள் ஷெல்பி.

குத்தலாகச் சொல்லவில்லை. பரிவாகத்தான் சொன்னாள், அதுதான் தாங்கவில்லை. பத்தொன்பது பையன்கள்மீது போட்ட வலையைப் பின்னாலிருந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே வந்தவளிடம் அதே வலையை வீசினால் விழுவாளா? "அதெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மாதான்" என்று கோலீன் மழுப்பிவிட்டாள். போய் ஒரு பொட்டலம் துணி சோப்பு வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

செப்டம்பர் முதல் ஞாயிறு, மதியம் இரண்டு மணி. கேடனின் அம்மாவிடம் பேசி முடித்துவிட்டு நிமிர்வதற்குள் தொலைபேசி அடித்தது. மார்லா. இவள் வழக்கத்தைக் குடும்பமே அறியும், அதைத்தான் மார்லாவும் பின்பற்றினாள். "நல்லா சாப்பிடுறா, நல்லா தூங்குறா, ஒரு குறையும் இல்ல" என்று தொடங்கியதும் கோலீனுக்குச் சிரிப்பு வந்தது. வாராவாரம் பேச்சு வளர்ந்தது. அக்டோபரில் ஒரு ஞாயிறு மார்லா சொன்னாள்:

"வீட்டுல வாயைத் தொறக்க மாட்டா. கார்ல மட்டும் நல்லா பேசுறா, கோலீன். நீ எல்லார்கிட்டயும் கேப்பியே, அதையேதான் நானும் கேட்டேன், மதியம் யாரோட சாப்பிடுறன்னு. இங்க நாலு பேரு இருக்காங்களாம். அப்புறம் அவளாவே சொன்னா, ஒன்பதாம் வகுப்புல அந்தக் குளிர்காலம் பூரா தனியாத்தான் சாப்பிட்டாளாம். பேண்டு வாத்தியம் வைக்கிற ரூம்ல, டூபா பெட்டி மேல உக்காந்து."

மார்லா ஒரு கணம் தயங்கினாள்.

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"ம்" என்றாள் கோலீன். "தெரியும்."

மற்றதையும் மார்லா சொன்னாள். ஷெல்பிக்கு இருந்தது ஒரே ஒரு தோழி. அந்தப் பெண் இவளைப் பார்க்க வருகிற சாக்கில் ஹாக்கிப் பையன்களைப் பார்க்க வர ஆரம்பித்தாள். ரைலன் படுத்துக் கிடக்கிறான், வீட்டுக்கு வராதே என்று ஷெல்பி சொன்னாள். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு மேசையில் இவளுக்கு இடம் இல்லை. நவம்பரிலிருந்து பனி உருகும் வரை அந்த இருட்டு அறை. அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று மார்லா கேட்டதற்கு, அம்மாவுக்கு அப்போது ரைலன் கவலையே தாங்க முடியாமல் இருந்தது என்றாளாம்.

தொலைபேசியை வைத்த பிறகு கோலீன் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் குளிர்காலத்தில் ஷெல்பியின் மதியச் சாப்பாட்டு டப்பா தினமும் காலியாகத்தான் வந்தது. தினமும் இவளேதான் கழுவி வைத்தாள். டப்பா காலி என்றால் பிள்ளை சாப்பிடுகிறது, கவலையில்லை. அதே நாட்களில்தான் அதே காரில் தினமும் கேட்டாள், மதியம் யாரோட சாப்பிடுற என்று. கேட்டது முன் இருக்கையைப் பார்த்து. ஒரு கை நீளத்துக்குப் பின்னால், பதில் வைத்திருந்த ஒருத்தி பைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை, ஏழு நிமிடத்தில் ஒரே ஒரு தடவை, "நீ யாரோட கண்ணு?" என்று குரலைக் கொஞ்சம் உயர்த்தியிருந்தால் போதும். அந்த நினைப்புத்தான் அவளை அறுக்கிறது. மூன்று வருடம் போய்விட்டது. பதினான்கு வயது ஒருமுறைதான் வருகிறது, திருப்பிக் கேட்க ஆள் இல்லை.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் புரிந்தது. இத்தனை வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கத்திலிருந்து "ம், அது எனக்குத் தெரியும்" என்று சொன்ன அம்மாக்கள். அவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் தெரிந்திருக்கும்? இப்போதும் ஞாயிறு இரண்டு மணிக்குக் கேடனின் அம்மாவிடம் பேசுகிறாள். "கார்ல பேசுவான்" என்று மட்டும் சொல்வதில்லை. உங்களிடம் சொல்லச் சொன்னேன், நீங்களே கேளுங்கள், கொஞ்ச நேரம் காத்திருந்து கேளுங்கள் என்கிறாள். அடுத்த வருடத்துக்கும் ஒரு பையனை வைத்துக்கொள்வீர்கள்தானே என்று அணிக்காரர் கடைக்கே வந்து கேட்டபோது பாக்கலாம் என்று சொல்லிவிட்டு விலாவை நறுக்கிக்கொண்டிருந்தாள். ஷெல்பி புதன்கிழமைகளில் கூப்பிடுவாள். இருபது நிமிடம் பேசுவாள். அதில் பாதி நேரம், கேடன் எப்படி இருக்கிறான், நீ சொல்வதைக் கேட்டால் வீட்டு நினைப்பு வந்தவன் மாதிரி இருக்கிறது, கொஞ்சம் கவனி என்பதுதான்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவள் வருகிற நாள் வந்தது. பாதி வழியில் நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் நிலையம் வரை மார்லா கொண்டுவந்து விடுவது, அங்கிருந்து கோலீன் அழைத்து வருவது என்று ஏற்பாடு. அன்று காலை கோலீன் காரின் முன் இருக்கையைத் துடைத்தாள். பிறகு அதை முன்னுக்கு இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. இந்தக் கார் வாங்கி ஒன்பது வருடம். வாங்கிய வாரம் கடைசிவரை பின்னுக்குத் தள்ளியது, அதன்பிறகு ஒருவரும் நகர்த்தியதில்லை. இருக்கை நகரும் தண்டவாளத்தில் பனிச்சாலையின் மண்ணும் உப்பும் ஏறி இறுகிக் கிடந்தது. ட்வெய்ன் எண்ணெய்க் குப்பியோடு வந்து குனிந்து பார்த்தான்.

"யாருக்கு?"

"ஷெல்பிக்கு. அவ கால் அவ்வளவு நீளம் இல்ல."

பின்னாலிருந்து அவன் தள்ள, முன்னாலிருந்து இவள் இழுக்க, இருக்கை கிறீச்சென்று நாலு அங்குலம் நகர்ந்தது. வழியில் ஷெல்பிக்குப் பிடித்த புளிப்புப் பாலேடு சேர்த்த டோனட் இரண்டு வாங்கி முன்பக்கத்துத் தட்டில் வைத்தாள். எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவள், பின் இருக்கையில் கேடனின் ஆட்டப் பை கிடப்பதை மட்டும் பார்க்கவில்லை. மறுநாள் மாலை விடுமுறைக்கு முந்திய கடைசி ஆட்டம். பை இருப்பது கண்ணுக்கே தெரியாத அளவுக்கு அது அங்கே இருந்து பழகிவிட்டது.

மூன்று மணிக்கே வெயில் சாய்ந்துவிட்டது. காற்று முகத்தைக் கிழித்தது. ஷெல்பி தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், காது தெரிந்தது. தடித்த கோட்டுகளோடு அணைத்துக்கொண்டார்கள். மார்லா கையசைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். கேடன் எப்படி இருக்கான் என்று கேட்டுக்கொண்டே ஷெல்பி காரை நோக்கி நடந்தாள். நல்லா இருக்கான் என்று சொல்லிக்கொண்டே கோலீன் ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள். பின்னால் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பையை இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, தன் இடத்தில் உட்கார்ந்து, ஷெல்பி கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

கோலீன் சாவியில் கை வைத்தபடி இருந்தாள். பக்கத்தில் நாலு அங்குலம் முன்னே வந்த இருக்கை, தட்டில் டோனட். முன்னால வாயேன் கண்ணு என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை. அன்றைக்குப் பின்னால் போ என்று சொன்னதும் இந்த வாய்தான். இப்போது முன்னால் வா என்று சொல்வதும் இதுவேதானா?

இன்ஜினை முடுக்கி ஓடவிட்டுவிட்டு இறங்கினாள். காருக்குப் பின்புறமாகச் சுற்றிப் போய், மறுபக்கத்துப் பின் கதவைத் திறந்து, அந்தக் கன்றுக்குட்டிப் பையை இரண்டு கையாலும் பற்றி வெளியே இழுத்தாள். அதை முன் இருக்கையில் போட்டு, போகாத இடத்தில் முழங்காலால் அழுத்தித் திணித்துக் கதவைச் சாத்தினாள். பிறகு பை இருந்த இடத்தில் ஏறி மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, வண்டிய யாரு ஓட்டுறது?" என்றாள் ஷெல்பி.

கோலீன் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, மகளைப் பார்க்காமல், முன்கண்ணாடிக்கு அப்பால் நேராகக் கிடந்த சாலையைப் பார்த்து உட்கார்ந்தாள்.